குமுளி கிராமம், கூடலூர் நகரம்

விடிவதற்கு முன்பே கம்பத்தில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். தூக்குவாளியும் மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஏறுவார்கள். கம்பம் மெட்டு வழியாக ஒரு கூட்டம், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைச்சாலை வழியாக ஒரு கூட்டம், போடியிலிருந்து போடிமெட்டு ஏறி இன்னொரு கூட்டம். எல்லாரும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். காய் பறித்து, களை எடுத்து, மாலையில் இறங்கி வருவார்கள். இந்தப் போக்குவரத்து பல தலைமுறைகளாக நடக்கிறது.

அவர்கள் தினமும் கடக்கும் மாநில எல்லை எல்லாருக்கும் தெரியும். அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் எல்லையும் இருக்கிறது. மேலே இருக்கும் குமுளி, தேக்கடியின் வாசல். விடுதிகள், நறுமணப் பொருள் கடைகள், வெளிநாட்டுப் பயணிகள், இரவு வரை ஓயாத கடைத்தெரு. கேரளச் சட்டப்படி அது ஒரு கிராமப் பஞ்சாயத்து. கீழே இருக்கும் கூடலூர், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் முதலில் தொடும் ஊர். நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலும்தான் அதன் வாழ்வு. தமிழ்நாட்டுச் சட்டப்படி அது நகராட்சி. சின்னமனூரிலிருந்து மலையேறினால் ஹைவேவிஸ், மணலாறு, மேல் மணலாறு, வெண்ணியாறு, மகாராஜா மெட்டு, இரவங்கலாறு என்று தேயிலைக்கு நடுவே சிறு சிறு குடியிருப்புகள் வரும். யானை நடமாடும் அந்த மலைமுகடு ஹைவேவிஸ் பேரூராட்சி. அதுவும் சட்டத்தின் பார்வையில் நகர்ப்புறம்தான்.

கடைத்தெரு கிராமமாகவும் நஞ்சையும் தேயிலைக்காடும் நகரமாகவும் எழுதப்பட்டிருப்பதை வெறும் பெயர்க் குழப்பம் என்று விட்டுவிட முடியாது. யாருக்கு வேலை உறுதி உண்டு, யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும், யார் தங்கள் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம், யாருக்குச் சபையில் எழுந்து பேசும் உரிமை உண்டு என்பதையெல்லாம் இந்தப் பெயர்தான் முடிவு செய்கிறது. உள்ளாட்சியை வலுப்படுத்துவது பற்றி எங்கும் பேசுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தப் பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே உள்ளாட்சியின் வடிவம், இந்த மண்ணின் பிழைப்போடு பொருந்தாமல் இருக்கிறது.

மதுரையிலிருந்து 1996-ல் பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் 130 ஊராட்சிகள், 22 பேரூராட்சிகள், 6 நகராட்சிகள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12,45,899. அதில் நகர்ப்புறத்தில் வாழ்வோர் 53.8 விழுக்காடு. தமிழ்நாட்டின் சராசரியே 48.4 விழுக்காடுதான். வயலும் வரப்பும் கரடும் காடுமாகக் கிடக்கும் தேனி, மாநிலச் சராசரியைவிட அதிகம் நகரமயமான மாவட்டம் என்று புள்ளிவிவரம் சொல்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியின் நகர்ப்புற மக்கள் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஒரே மலையின் இரண்டு சரிவுகளில் ஒன்று பாதிக்கு மேல் நகரம், மற்றது ஏறத்தாழ முழுக்கக் கிராமம் என்றால், வேறுபாடு வாழ்க்கையில் இல்லை, வகைப்படுத்தும் முறையில் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரண்டு வழிகளில் ஓர் ஊரை நகரம் என்று எழுதுகிறது. குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் விவசாயம் அல்லாத தொழில் என்ற மூன்று அளவுகோல்களும் பொருந்தினால் அது ஒரு வழி. மாநில அரசு ஓர் ஊரைப் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று அறிவித்திருந்தால் அது மற்ற வழி. இந்த இரண்டாம் வழியில் தொழிலைப் பற்றிய கேள்வியே எழாது. தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், காமயகவுண்டன்பட்டி, ஓடைப்பட்டி, மார்க்கையன்கோட்டை, குச்சனூர் எல்லாம் நகரக் கணக்கில் ஏறியது இப்படித்தான். பெரிய ஊர், சந்தை உண்டு, நாலு தெருவுக்குச் சிமெண்ட் சாலை உண்டு. ஆனால் அங்கே விடிகாலையில் எழுபவர்களில் பெரும்பாலோர் வயலுக்கோ தோட்டத்துக்கோ மலைக்கோதான் போகிறார்கள்.

அரசே இதில் தடுமாறியது உண்டு. 2004 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று மாற்றியது. ஊரக வளர்ச்சிக்கான மத்திய நிதி இந்த ஊர்களுக்கும் கிடைக்கட்டும் என்பது காரணம். 2006 ஜூலையில் ஆட்சி மாறியதும் அவை மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் ஊர் எந்த வகையிலும் மாறவில்லை. நெல் அறுத்தவர்கள் நெல்தான் அறுத்தார்கள். பெயர்ப்பலகை மட்டும் இருமுறை மாறியது.

அந்த நேரத்தில்தான் 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டம் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டம் ஊரகத்துக்கு மட்டுமானதாக இருந்தது. பேரூராட்சியில் வாழும் விவசாயக் கூலிக்கு 100 நாள் வேலை கிடைக்கவில்லை. ஒரே வாய்க்காலின் இரு கரைகளில் இரு பெண்கள் நாற்று நடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ஊராட்சியில் குடியிருப்பவர், மற்றவர் பேரூராட்சியில். தண்ணீர் நின்று, வேலை இல்லாத மாதங்களில் முன்னவருக்குச் சட்டப்படி வேலை கேட்கும் உரிமை இருந்தது. பின்னவருக்கு இல்லை. அவருக்கு இருந்தது ஜீப்பு மட்டும்தான். கம்பம் பள்ளத்தாக்கின் மலையேற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. தோட்டக் கூலி கூடுதல் என்பது முதல் காரணம். ஆனாலும், உள்ளூரில் மாற்று இல்லாதவர்களாக ஒரு பெரும் கூட்டத்தைச் சட்டத்தின் ஒரு சொல் ஆக்கிவைத்தது என்பதை மறுக்க முடியாது. பின்னாளில் மாநில அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைச் சோதனை அளவில் தொடங்கியது. அது உரிமையாக வளரவில்லை.

வேலை இல்லாத இடத்தில் வரி உண்டு. 2022 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி உயர்ந்தபோது பேரூராட்சிகளும் அதில் அடங்கின. 600 சதுர அடிக்கு உட்பட்ட சிறு வீடுகளுக்குக்கூட 25 விழுக்காடு உயர்வு. ஊராட்சிகளை அருகிலுள்ள நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு 2025 தொடக்கத்தில் வந்தபோது தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் மக்கள் சாலைக்கு வந்து எதிர்த்தார்கள். 100 நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். நகரமாவதை ஒரு வளர்ச்சி என்று அரசு நினைக்கிறது. அதைத் தண்டனையாக மக்கள் உணர்கிறார்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்த இடைவெளியை ஆழ்ந்து யோசிக்க வேண்டும்.

பேசும் உரிமையிலும் இதே வேறுபாடு உண்டு. ஊராட்சியில் வாக்காளர் எல்லாரும் கிராம சபையின் உறுப்பினர்கள். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் என்று நான்காக இருந்த கட்டாயக் கூட்டங்கள், 2022-ல் உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறாயின. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிச் சின்னம் கிடையாது. பேரூராட்சியிலோ, 2022 பிப்ரவரித் தேர்தலில், மக்கள் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க, உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நகர்ப்புறத்துக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் விதிகளாக வந்தது அந்த ஆண்டில்தான். கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ தெருவில் போகிற ஒருவரை நிறுத்தி உங்கள் பகுதி சபை எப்போது கூடும் என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. கிராம சபை என்ற சொல் மக்கள் நாவில் ஏறிவிட்டது. பகுதி சபை இன்னும் ஏறவில்லை.

சரி, குமுளி எப்படிக் கிராமமாக இருந்துகொண்டே ஊரை நடத்துகிறது? கேரளத்தில் மொத்தம் 941 கிராமப் பஞ்சாயத்துகள். ஒவ்வொன்றிலும் சராசரியாக 25,000-க்கும் மேற்பட்ட மக்கள். தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள், சராசரி 3,000 பேர். தேனி மாவட்டத்தில் அது 4,400 அளவில் வரும். சிறிய ஊராட்சி மக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் 4,000 பேரின் வீட்டு வரியையும் தொழில் வரியையும் கொண்டு ஒரு பொறியாளரையோ கணக்கரையோ வைத்துக்கொள்ள முடியாது. ஊராட்சிச் செயலர் ஒருவர், மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர்கள் சிலர். அவ்வளவுதான் அந்த அரசாங்கம்.

அளவைவிட முக்கியம் பொறுப்பு. 1996-ல் கேரளம் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கியது. அதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவமனை, வேளாண் அலுவலகமான கிருஷி பவன், அங்கன்வாடி ஆகியவற்றைக் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் வைத்திருந்தது. மருத்துவர் வரவில்லை என்றால் பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்கலாம். இங்கே கேட்கக்கூடாது என்று யாரும் தடுப்பதில்லை. கேட்டுப் பயன் இல்லை என்பதுதான் நிலை. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கும். அந்தப் பள்ளி ஆசிரியர்கள் 1981-லேயே அரசு ஊழியர்களாகிவிட்டார்கள். ஒன்றியத்துக்கு மிஞ்சியது சுவரும் அதன்மேல் எழுதிய பெயரும், ஓடு உடைந்தால் மாற்றும் கடமையும்தான்.

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 11-வது அட்டவணையில் 29 துறைகளைப் பட்டியலிட்டது. விவசாயம், சிறுபாசனம், மீன்வளம், சமூகக் காடு, சிறுதொழில், குடிநீர், கல்வி எல்லாம் அதில் உண்டு. அவற்றில் எவற்றை, எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதைச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டது. 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அந்த விருப்பத்தைச் சிக்கனமாகவே பயன்படுத்தியது. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, குப்பை, சுடுகாட்டுப் பாதை. இவை சிறிய வேலைகள் என்று நான் சொல்லமாட்டேன். தண்ணீர் வராத நாளில் எந்தப் பெண்ணிடமும் அது சிறிய வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் ஊரின் பொருளாதாரம் எதைச் சுற்றி ஓடுகிறதோ அதில் ஊராட்சிக்குப் பேச்சே இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கின் பொருளாதாரம் முதலில் ஆற்றைச் சுற்றி ஓடுகிறது.

1886 ஒப்பந்தத்தின் பேரில் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக ஆயக்கட்டு 14,707 ஏக்கர். உத்தமபாளையம் வட்டத்தில் 11,807, தேனி வட்டத்தில் 2,412, போடி வட்டத்தில் 488. நீர் இருப்பு ஒத்துழைத்தால் ஜூன் 1-ம் தேதி முதல் போகத்துக்குத் திறப்பார்கள். அந்தத் தேதி தள்ளிப்போகும் ஆண்டுகளில் நாற்றங்கால் முதல் நகைக்கடன் வரை எல்லாம் தள்ளிப்போகும். லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துவிட்டு இறங்கும் இந்தத் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, பழனிசெட்டிபட்டி என்று ஊர் ஊராகத் தொட்டு வைகையில் கலந்து அணைக்குப் போகிறது. அதற்குப் பின் ஐந்து மாவட்டங்கள் அதை எதிர்பார்த்திருக்கின்றன.

இந்த ஒரே ஆற்றின்மேல் எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மதகுகளும் வாய்க்கால்களும் நீர்வளத் துறையின் கையில். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தனித் தேர்தல் உண்டு. அந்தச் சங்கத்துக்கும் ஊராட்சிக்கும் சட்டத்தில் தொடர்பு இல்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். கழிவுநீர் மட்டும் உள்ளாட்சிகளின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத்தான் அவற்றால் நிறைவேற்ற முடியவில்லை. கரையோர ஊர்களின் சாக்கடை நேராக ஆற்றில் இறங்குவதை எந்தப் பாலத்தின்மேல் நின்றாலும் பார்க்கலாம். மேலூர்க்காரர்கள் விட்டது கீழூர்க்காரர்களின் உறைகிணற்றுக்குப் போகிறது. ஒரு பேரூராட்சி தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினாலும், மேலே இருக்கும் ஊர் கட்டாதவரை பயன் பாதிதான். ஆறு ஒன்றாக இருக்க, அதைக் காக்கும் கடமை மட்டும் இருபது துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது.

மதுரைக் குடிநீர்த் திட்டத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் வழியாக நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் எடுத்து மதுரை மாநகராட்சிக்குக் கொடுக்கும் திட்டம், ஏறத்தாழ 1,300 கோடி ரூபாயில் போடப்பட்டது. மதுரைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. வைகை அணையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆற்றில் வந்தால் எங்கள் கிணறுகளும் நிறையும், குழாயில் போனால் ஆறு காயும் என்று பள்ளத்தாக்கு விவசாயிகள் சொன்னார்கள். மழை மறைந்த கோடையில் ஆற்றில் ஓடும் நீர்தான் இரு கரையிலும் கிணற்று மட்டத்தைப் பிடித்துவைக்கிறது என்பதை அறிந்தவர்கள் சொன்ன வாதம் அது. என் கவலை, யார் வாதம் சரி என்பதைவிட, இரு வாதங்களும் எங்கே சந்தித்திருக்க வேண்டும் என்பது. சாலை மறியலும் நீதிமன்றமும் ஆட்சியர் அலுவலக வாசலும்தான் விவசாயிகளுக்குக் கிடைத்தன. மதுரை மாநகராட்சியும் கூடலூர் நகராட்சியும் ஒரே சட்டத்தின் கீழ் உள்ள இரு உள்ளாட்சிகள். ஒரு மேசையில் எதிரெதிரே அமர்ந்து, எந்த மாதத்தில் எவ்வளவு எடுப்பது, மழை பொய்த்தால் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்று பேசிக் கையெழுத்திடும் ஓர் அமைப்பு அவற்றுக்கு இடையே இல்லை.

அரசியல் சட்டம் இதைச் சுத்தமாக மறந்துவிடவில்லை. ஊரக உள்ளாட்சிகளின் திட்டங்களையும் நகர்ப்புற உள்ளாட்சிகளின் திட்டங்களையும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரே வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும், அதில் நீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்வதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 243இசட்டி பிரிவு சொல்கிறது. அதற்காக மாவட்டத் திட்டக் குழு என்ற அமைப்பையும் தந்தது. தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவர் அதன் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். காகிதத்தில் படிக்கும்போது கம்பம் பள்ளத்தாக்குக்காகவே எழுதியதுபோல இருக்கும். நடைமுறையில் அதற்கென்று பொறியாளரோ பொருளியலாளரோ நிதியோ இல்லை. ஆண்டில் சில கூட்டங்கள், தேநீர், கையெழுத்து என்ற அளவில் அது நின்றுவிட்டது. தேனி மாவட்டத்தில் எதையாவது முதலில் வலுப்படுத்த வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

உள்ளாட்சிக்குப் பெரிய வேலைகள் ஆகாது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1882-ல் ரிப்பன் பிரபுவின் தீர்மானமும் 1884-ல் சென்னை உள்ளாட்சிச் சட்டமும் வந்த பிறகு ஜில்லா போர்டு எனப்பட்ட மாவட்டக் கழகங்கள் சாலை, மருத்துவமனை, பள்ளி, சத்திரம் எல்லாவற்றையும் நடத்தின. தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் எல்லைக்குள் தனிவரி போட்டு, சொந்தமாக ஒரு ரயில் பாதையே அமைத்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-ல் அதில் ரயில் ஓடியது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே, உடைமை ஜில்லா போர்டுக்கு. தலைவர்களை வளர்த்த பள்ளியும் அதுதான். ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார், சேலத்தில் ராஜாஜி. சென்னை மாகாணத்தில் 1930-களில் அமைச்சராகவும் 1936-ல் சில மாதங்கள் முதலமைச்சராகவும் இருந்த பி.டி. ராஜன் உத்தமபாளையத்துக்காரர். பள்ளத்தாக்கின் ஒரு கால்வாய் இன்றும் அவர் பெயரில் ஓடுகிறது. அக்காலத்து வாக்குரிமை சொத்து உள்ளவர்களுக்கு மட்டுமானது, கூலிக்காரருக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதை மறக்கக் கூடாது. அந்தக் குறையைத் தீர்த்தபோதே அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டோம். 1958-ன் சட்டங்களோடு ஜில்லா போர்டுகள் மறைந்தன. எல்லாருக்கும் வாக்குரிமை வந்த பிறகு, வாக்களித்துப் பெறுவதற்கு உள்ளூரில் அதிகாரம் குறைந்துவிட்டது.

ரயில் என்றதும் மதுரை–போடி பாதை நினைவுக்கு வரும். 1928-ல் ஏலக்காயை நம்பி வந்த பாதை அது. அகலப்பாதையாக மாற்ற 2010 கடைசியில் மூடினார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூனில். ஒரு தலைமுறை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம். அந்தக் காலம் முழுவதும் தீர்மானம் போட்டு அனுப்புவதைத் தவிர எந்த உள்ளாட்சிக்கும் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கம்பத்துக்கு ரயில் என்பது இன்றும் கோரிக்கைதான்.

அதிகாரம் குறைவு என்பதோடு, இருக்கும் அதிகாரமும் தொடர்ந்து மக்களிடம் இல்லை. ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 243இ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இட ஒதுக்கீட்டு அறிவிப்பிலும் தேர்தல் அறிவிக்கையிலும் விதிகள் பின்பற்றப்படவில்லை என்பது வழக்கு. அதன் பின் தேனி உட்பட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020-ல் பதவியேற்ற ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் நடத்தாமல் பொறுப்பைத் தனி அலுவலர்களிடம் கொடுத்தார்கள். தனி அலுவலர் திறமையானவராக இருக்கலாம். ஆனால் இரவு பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாத ஆண்டுகளில் மத்திய நிதிக்குழு மானியமும் நின்றுபோகிறது. மக்கள் பிரதிநிதியையும் இழந்து பணத்தையும் இழக்கிறார்கள். ஊரகத் தேர்தலும் நகரத் தேர்தலும் வேறுவேறு ஆண்டுகளில் வருவதால் மாவட்டத் திட்டக் குழு எப்போதும் ஒரு கால் ஊன்றியே நிற்கிறது. ஒரு பாதி உறுப்பினர்கள் இருக்கும்போது மறுபாதி இல்லை.

தேர்தல் நடந்துவிட்டால் மட்டும் போதுமா? ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற ஊராட்சிகள் இருக்கின்றன. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதற்காக 1996 முதல் 2006 வரை அங்கே முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. வேட்புமனு தாக்கல் செய்ய ஆள் கிடையாது, தாக்கல் செய்து வென்றவர்கள் உடனே விலகினார்கள். 1997-ல் மதுரை மாவட்டம் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதை அந்தப் பத்தாண்டுகளோடு சேர்த்தே நினைக்க வேண்டும். 2006-ல் மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் பேசி, அரசு உறுதியாக நின்று, தேர்தல் நடந்தது. உள்ளூருக்கு அதிகாரம் கொடுங்கள் என்று கேட்கும் நாம், உள்ளூர் என்பது யாருடைய கையில் இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். அதிகாரத்தைப் பரவலாக்க மாநில அரசு பின்வாங்க வேண்டிய இடங்கள் பல உண்டு. சாதியின் கையிலிருந்து நாற்காலியைக் காக்க அது முன்னால் வந்து நிற்க வேண்டிய இடங்களும் உண்டு.

இன்று மறுப்பு இன்னும் நுட்பமாக நடக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். 2016 முதல் பெண்களுக்குப் பாதி இடம். தலைவர் தலித் பெண்ணாகவும் துணைத் தலைவர் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவராகவும் இருக்கும் ஊரில், துணைத் தலைவர் கையெழுத்தை நிறுத்திவைத்தால் போதும். தெருவிளக்கு எரியாது, துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் போகாது, பழி தலைவருக்கு. இரட்டைக் கையெழுத்து ஊழலைத் தடுக்க வந்த விதி. நான்கு நாளுக்குள் காரணம் எழுதித் தராவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பணத்தின் வழியும் குறுகலானது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு, மாநில நிதிக்குழு பரிந்துரைப்படி, எல்லா உள்ளாட்சிகளுக்குமாகப் பிரிகிறது. ஊராட்சிக்கு வருவதில் ஒரு பகுதி இரண்டாம் எண் கணக்குக்குப் போகிறது. மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் என்றே ஒதுக்கிய கணக்கு அது. அரசின் ஒரு பையிலிருந்து வந்த பணம் ஊராட்சி வாசலைத் தொட்டுவிட்டு அரசின் இன்னொரு பைக்குத் திரும்புகிறது. திட்டக் கணக்கில் வருவதற்கு எந்த வேலை, எந்த அளவு என்று மேலேயே முடிவாகியிருக்கும். ஊர் தானாக யோசித்துச் செலவழிக்க மிஞ்சுவது வீட்டு வரியும் சில்லறை இனங்களும்தான். ஊராட்சித் தலைவரின் மதிப்பூதியம் 2022-ல் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் ஆயிற்று. மாதத்துக்கு.

சொந்த வருவாய் இருந்தால் ஓர் ஊராட்சி என்ன செய்யும் என்பதற்குக் கோவை மாவட்டம் ஓடந்துறையைக் காட்டலாம். அங்கே சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006-ல், ஊராட்சிச் சேமிப்பிலிருந்து 40 லட்சமும் வங்கிக் கடனாக 1 கோடியே 15 லட்சமும் போட்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். ஊரின் தேவை போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். கம்பம் கணவாய்க் காற்றும் சாதாரணக் காற்று இல்லை. ஆண்டிபட்டியிலிருந்து தேனி வரை தனியார் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். காற்று ஊரின்மேல் வீசுகிறது. அதன் வருமானத்தில் ஊராட்சிக்கு நிலையான பங்கு என்று ஒன்று இருக்க வேண்டாமா? போடியில் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. திராட்சைக்குக் குளிர்பதனக் கிடங்கு வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பேரூராட்சியால் அதைக் கட்ட முடியாது. திராட்சை விளையும் கூடலூர், காமயகவுண்டன்பட்டி, ஓடைப்பட்டி, சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி போன்ற ஊர்கள் சேர்ந்தால் முடியும். நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும் கூட்டாக ஒரு நிறுவனத்தை எளிதாகத் தொடங்கும் வழி இருந்தால், பறித்த பழத்தை அன்றே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நிலை மாறும்.

கடைசியாகப் பொட்டிப்புரம். தேவாரத்துக்கு அருகே, அம்பரப்பர் கரட்டைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. தண்ணீர், காடு, மேய்ச்சல், பாறை வெடிப்பு பற்றிய அச்சங்களை ஊர் மக்கள் எழுப்பினார்கள். கிராம சபையில் எதிர்ப்பைத் தீர்மானமாக எழுதினார்கள். பிறகு வழக்கு உயர் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று போயிற்று. 2022-ல் தமிழ்நாடு அரசே அனுமதிக்கமாட்டோம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அறிவியலாளர்கள் சொன்னதில் உண்மை இருந்தது, மக்கள் பயந்ததிலும் பொருள் இருந்தது என்றே நான் கருதுகிறேன். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் என்ன எடை என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் 12 கிராம சபைகள் கூடிச் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னபோது, உச்ச நீதிமன்றமே அவற்றைக் கேட்கச் சொல்லியிருந்தது. வன உரிமைச் சட்டம் அந்தச் சபைகளுக்குப் பின்னால் நின்றது. பொட்டிப்புரத்துக்குப் பின்னால் அப்படி எதுவும் நிற்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஆதரவும் எதிர்ப்பும்தான் நின்றன. ஆய்வகம் வேண்டும் என்று சொல்ல வந்தவர்களும் முதலில் அந்தச் சபைக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, சுரங்கத்திலிருந்து வரும் பாறை எந்தச் சாலையில் போகும், எத்தனை லிட்டர் தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள் என்று பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமை இருந்திருந்தால், கதை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அதை ஊர் முடிவு செய்திருக்கும்.

ஆண்டுதோறும் முல்லைப் பெரியாற்று நீரை முதல் போகத்துக்குத் திறக்கும்போது தேக்கடித் தலைமதகில் மலர் தூவுவார்கள். அதே வாரத்தில் உத்தமபாளையத்தில் மாவட்டத் திட்டக் குழு கூடட்டும். கூடலூர் முதல் ஆண்டிபட்டி வரை ஆற்றைக் குடிக்கும் எல்லா ஊர்த் தலைவர்களும், வாய்க்கால் சங்கங்களின் தலைவர்களும், மதுரை மாநகராட்சி மேயரும், ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களின் சார்பில் நான்கு பேரும் வரட்டும். அணையில் நீர் இவ்வளவு, ஆற்றில் எங்கள் ஊர் விடும் கழிவு இவ்வளவு, தண்ணீர் நிற்கும் மாதங்களில் எங்களுக்குத் தேவையான வேலைநாட்கள் இவ்வளவு என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்ற தலைப்புகள் இல்லாமல், மேலூர் முதலிலும் கீழூர் கடைசியிலுமாக, தண்ணீர் வரும் வரிசையிலேயே அந்தத் தாள்களைப் படிக்கலாம்.